வரைபடத்தில் நமது லயம் எங்கே?

(மார்ச் 21, இன ஒதுக்கலை ஒழிப்பதற்கான சர்வதேச தினத்தையொட்டி மாவனல்லையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோட்டீசில் "நகரத் திட்டமிடலும் இன சமத்துவமும்" என்று தலைப்புப் போட்டிருந்தோம். அதைப் பார்த்த ஒரு அக்கா கேட்டார்: "லயத்துல கெடக்குற நமக்கு நகரத் திட்டம் எதுக்கு? டவுனுக்கு நாம சம்பளத்தன்னைக்கு மட்டும்தானே போறோம்?" நியாயமான கேள்வி. பதிலையும் அவரிடமே கேட்டோம். "அக்கா, தார் ரோடு எங்க முடியுது?" "தோட்டத்து போர்டு கிட்ட." "குப்பை டிராக்டர் எங்க திரும்புது?" "அங்கதான்." "தெரு விளக்கு?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். அந்த ரோடு அந்த இடத்தில் முடிய வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு காரியாலயத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுக்குத்தான் திட்டமிடல் என்று பெயர். அதில் நாம் இருக்கிறோமா, இல்லையா என்பதுதான் இன்றைய பேச்சு.

இன்று ஏன் மார்ச் 21? 1960இல் இதே நாளில் தென்னாபிரிக்காவில் ஷார்ப்வில் என்ற இடத்தில் கறுப்பின மக்கள் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் கூடினார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. கறுப்பினத்தவர் தம் நாட்டில் நடமாடுவதற்கே ஒரு பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. "பாஸ் இல்லாமல் வந்திருக்கிறோம், எங்களைப் பிடியுங்கள்" என்று சொல்லத்தான் போனார்கள். பொலிசார் சுட்டார்கள். 69 பேர் செத்தார்கள். அந்த நாளைத்தான் ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தினமாக அறிவித்தது.

ஷார்ப்விலைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. அது தானாக வளர்ந்த ஊர் அல்ல. பக்கத்து நகரத்திலிருந்து கறுப்பினத்தவரைத் தள்ளி வைப்பதற்காக வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் நகரத்தில் குடியிருக்கக் கூடாது. அதுதான் கணக்கு. 1950இல் எந்த இனம் எந்தப் பகுதியில் வாழலாம் என்று ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். அதன் கீழ் கேப்டவுன் நகரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பெயர்ப்பலகையில் "வெள்ளையர் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். கொடுமைதான். ஆனால் எழுதியாவது வைத்தார்கள். பார்த்தவனுக்கு அது என்னவென்று புரிந்தது.

நமது கதையில் அப்படி எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நமக்கு அது புரிய இத்தனை வருடம் எடுத்தது.

பாஸ் நமக்கும் இருந்தது. தாத்தா, பாட்டி காலத்து ஆட்கள் துண்டு என்ற வார்த்தையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு இல்லாதவனை எந்தத் துரையும் பெயர் பதியமாட்டான். 1921இல் அதைச் சட்டப்படி ஒழித்தார்கள். துண்டு போனது, ஆனால் தோட்டத்து எல்லை போகவில்லை.

இந்த நாட்டில் சனத்தொகைக் கணக்கு எடுக்கும்போது மக்கள் வாழும் இடத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாத பெருந்தோட்டமாக இருந்து, அங்கே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருந்தால் அது தோட்டம். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 100க்கு 4 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் இந்தத் தோட்டப் பகுதியில் வாழ்ந்தார்கள். கணக்கெடுக்க இந்தப் பிரிவு வசதிதான். நமது வறுமை, நமது பிள்ளைகளின் போசாக்குக் குறைவு எல்லாம் வெளியே தெரிவதும் இந்தக் கணக்கினால்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நகரமும் கிராமமும் மனிதர் வாழும் இடத்தின் பெயர்கள். தோட்டம் என்பது வேலைத்தலத்தின் பெயர். ஒரு தொழிற்சாலையின் பெயரை ஊருக்கு வைத்தது போல. வேலைத்தலத்துக்கு முதலாளி இருப்பான். ஊருக்குத்தான் சபை இருக்கும். நம்மை 200 வருடமாக முதலாளி பொறுப்பில் விட்டது இந்த ஒரு வார்த்தைதான்.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1930களின் பிற்பகுதியில், வெள்ளைக்காரன் காலத்திலேயே, கிராமச் சபைகளுக்கு யார் வாக்களிக்கலாம் என்று ஒரு சட்டத் திருத்தம் வந்தது. தோட்டங்களில் உள்ள இந்தியத் தொழிலாளருக்கு வாக்கு இல்லை என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். இது இன ஒதுக்கல் என்று எதிர்ப்பு வந்தது. உடனே வார்த்தையை மாற்றினார்கள். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு வாக்கு இல்லை, எந்த இனமானாலும் சரி என்று ஆக்கினார்கள். இனம் என்ற வார்த்தை சட்டத்திலிருந்து போய்விட்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். தோழர்களே, இந்த ஒரு வித்தையைப் புரிந்துகொண்டால் பின்னால் வந்த எல்லாச் சட்டமும் புரியும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். தோட்டத் தமிழன் பிரஜை அல்ல என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, அத்தாட்சி எங்கே என்றுதான் கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்தார்கள்?

இனி நமது மாவட்டத்துக் கதைக்கு வருவோம். நுவரெலியா, பதுளைக் கதைகள் நமக்குத் தெரியும். முல்லோயா கோவிந்தனைத் தெரியும், டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணனைத் தெரியும். கேகாலைக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் அது இல்லை, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மியர் என்று ஒரு தோட்டம். உருளவள்ளி என்று நம்மவர்கள் சொல்வார்கள். 1940களில் அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்தது. எதற்கு? கிராம விஸ்தரிப்புக்கு. காணியில்லாத கிராமத்து மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி.எஸ். சேனநாயக்க. கிராமத்து மக்களுக்குக் காணி கொடுப்பதில் தப்பே இல்லை. கேள்வி வேறு: அந்த லயத்தில் பிறந்து வளர்ந்து வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்கள் எங்கே போவது? திட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. வெளியேறச் சொல்லி நோட்டீஸ் மட்டும் வந்தது.

அவர்கள் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் மீது அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். சொந்தக் காம்பிராவில் அடுப்பு மூட்டியதற்கு அத்துமீறல் வழக்கு! 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. கேகாலையில் பற்றிய நெருப்பு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. நமது பாட்டன், பாட்டிமார் பல ஆயிரம் பேர் கொழுந்துக் கூடையையும் பால் வாளியையும் இறக்கி வைத்தார்கள். வேறொரு தோட்டத்துக்காரனின் வீட்டுக்காகத் தமது சம்பளத்தை விட்டார்கள்.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது? இங்கே தண்டனை விழுந்தது. சங்கம் விடவில்லை. மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. செல்வநாயகம் எதிர் அரசர் என்பது அந்த வழக்கின் பெயர். தந்தை செல்வா அல்ல, அதே பெயர் கொண்ட ஒரு தோட்டத் தொழிலாளி. 1950இல் தீர்ப்பு வந்தது, தண்டனை ரத்தானது. தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாகவே நம்பி ஒருவன் தன் வீட்டில் தொடர்ந்து இருந்தால், அதனால் காணிக்காரனுக்குத் தொந்தரவு என்று தெரிந்திருந்தாலும், அது குற்றமாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இன்றும் சட்டக் கல்லூரியில் அத்துமீறல் குற்றம் படிப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நமது மாவட்டத்து லயத்திலிருந்து போன வழக்கு அது. இதை நம் பிள்ளைகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் தீர்ப்பு வருவதற்குள் என்ன நடந்துவிட்டது பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றிருந்தது. 1948இல் பிரஜாவுரிமை போனது, 1949இல் வாக்குரிமை போனது. வழக்கை வென்றவனுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவனின் ரோடு எந்தத் திட்டத்திலும் வராது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை அரிசி மூட்டை போலப் பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். 1988, 2003 சட்டங்கள் வந்துதான் நாடற்றவர் என்ற பெயர் தீர்ந்தது. நாற்பது, ஐம்பது வருடம் வாக்கில்லாமல் இருந்த காலத்தில்தான் இந்த நாட்டின் ரோடுகளும் கிராமத்து ஆஸ்பத்திரிகளும் குடியேற்றங்களும் தபால் நிலையங்களும் வரைபடத்தில் ஏறின.

இடையில் 1977, 1981, 1983. சப்ரகமுவத் தோட்டங்களில் அந்த வருடங்களை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. லயங்கள் எரிந்தன, பலர் வவுனியாப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். போனவர்களின் உறவுகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

இப்போது 1987. பிரதேச சபைகள் சட்டம், 15ஆம் இலக்கம். கிராமத்துக்கு ரோடு, கிணறு, விளக்கு, மயானம், நூலகம் எல்லாம் பார்க்க வேண்டிய சபை இதுதான். அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் தனியார் இடம் என்பதால் சபை தன் பணத்தில் அங்கே ரோடு போடவோ கிணறு வெட்டவோ முடியாதபடி அது தடுத்து வைத்திருந்தது. தேர்தலுக்கு நம்மிடம் வாக்குக் கேட்கலாம். சந்தையில் நாம் சாமான் வாங்கினால் அந்தக் கடைக்காரனிடம் சபை வரி எடுக்கலாம். ஆனால் லயத்துக்கு ஒரு பல்பு போட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். நல்ல மனதோடு இருந்த சிங்களத் தவிசாளர்களே "செய்ய ஆசைதான், சட்டம் விடவில்லை" என்று கைவிரித்த காலம் அது.

அந்தத் தனியார் இடம் என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1972 காணிச் சீர்திருத்தத்தில் 50 ஏக்கருக்கு மேல் தனியாரிடமிருந்த காணியை அரசு எடுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்து, பிறகு 53 வருடக் குத்தகை எழுதினார்கள். ஆக, பெரிய கம்பனித் தோட்டத்தின் காணி அரசாங்கத்தின் காணி. குத்தகைக்காரனின் பெயரைச் சொல்லித்தான் அரசாங்கத்தின் சபை அரசாங்கத்தின் காணிக்குள் வர மறுத்தது. மாவனல்லை, ரம்புக்கனைப் பக்கத்துச் சின்னத் தனியார் தோட்டங்கள் வேறு வகை. அங்கே காணிக்காரர் உண்மையிலேயே தனி ஆள், லயமோ நாலைந்து காம்பிரா, சங்கம்கூடச் சரியாக நுழைய முடியாத இடம். நமது ஆட்களில் ஆகக் கஷ்டப்படுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கம்பனித் தோட்டத்துக்கு வரும் திட்டம் எதுவும் அவர்களுக்கு வருவதில்லை.

2018இல் 33ஆம் பிரிவைத் திருத்தினார்கள். தடை நீங்கியது. நாமும் அன்றைக்கு வெடி கொளுத்தினோம். பிறகு? பல சபைகளில் இன்னும் பழைய பேச்சுத்தான். "தோட்டத்திடம் கடிதம் வாங்கி வாங்க" என்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால் "கொழும்பு ஆபீசில் கேட்க வேண்டும்" என்கிறார்கள். எந்தச் சபை, எந்தத் தோட்டம் என்று இங்கே பெயர் சொல்லத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். சட்டத்தை ஒரு நாளில் மாற்றலாம். 31 வருடமாக வரைபடத்தில் வெறும் பச்சையாக விட்ட இடத்தைக் கிளாக்கர் ஒரே நாளில் ஊராகப் பார்க்கமாட்டார். நாம் போய்க் காட்டினால்தான் பார்ப்பார்.

சமத்துவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சபையில் சிலர் "எல்லா வட்டாரத்துக்கும் ஒரே தொகைதானே ஒதுக்குகிறோம், இதில் இனம் எங்கே வருகிறது?" என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஏற்கனவே தார் போட்ட ரோடு உள்ள வட்டாரத்துக்கு அந்தப் பணம் பள்ளம் மூடப் போதும். 31 வருடம் ஒரு சதமும் செலவழிக்காத தோட்டத்துக்கு அதே பணம் ஒரு மதகு கட்டக் காணாது. வகுப்பில் கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் தெரிகிற பிள்ளைக்கும் ஒரே வாங்கைப் போட்டுவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று ஆசிரியர்கள் சொல்லலாமா? பின்னால் தள்ளப்பட்டவனை முன்னால் கூட்டி வருவதற்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

இந்த ஒதுக்கலில் ஆகக் கொடியது சரிவு. லயம் எங்கே கட்டினார்கள்? தேயிலைக்கும் ரப்பருக்கும் உதவாத இடத்தில். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று இடம் இல்லை. 2016 மே 17இல் நமது மாவட்டத்தில், ஒரே நாளில் இரண்டு இடம். அரநாயக்கையில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமத்து மக்கள் நூற்றுக்கு மேல் போனார்கள். புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹனத் தோட்டத்து லயம் மண்ணுக்குள் போனது. மலை இனம் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒப்பாரி ஒன்றுதான்.

வேறுபாடு அடுத்த நாள் தொடங்குகிறது. கிராமத்து மனிதனின் கையில் உறுதி இருக்கும், இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரமாவது இருக்கும். "இந்தக் காணி என்னுடையது, இந்த வீடு என்னுடையது, போய்விட்டது" என்று அவன் கேட்கலாம். லயத்துக்காரன் என்ன காட்டுவான்? காம்பிரா தோட்டத்தினுடையது. போனது பானையும் பெட்டியும் பிள்ளையின் புத்தகமும்தான் என்று காகிதம் சொல்லும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோதும் முதலில் எழுந்த கேள்வி இதுதான்: லயத்தில் இருந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டி வீடு கேட்பது?

காகிதம் என்றதும் விலாசம் ஞாபகம் வருகிறது. கடிதத்தில் பெயர், டிவிசன், தோட்டம் என்று எழுதுகிறோம். வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. தபால் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த பிள்ளைகளை நமது பள்ளிகளில் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு இலக்கம் போடுவதும் பாதைக்குப் பெயர் வைப்பதும் பெரிய செலவான காரியம் அல்ல. அதற்கு இந்தியாவிலிருந்து உதவி வர வேண்டியதுமில்லை, சபையில் ஒரு தீர்மானம் போதும்.

நகரத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைக்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் நமது பிள்ளைகள் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்து தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆம், கொழும்பிலும் அதற்குத் தோட்டம், வத்தை என்றுதான் பெயர்! 2007 ஜூன் 7இல் லொட்ஜுகளிலிருந்த தமிழர் 376 பேரை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழே கொண்டு போனார்கள். அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். நகரத்தை அழகாக்குவது நல்லதுதான். ஆனால் யாரை அப்புறப்படுத்தி அழகாக்குகிறோம் என்று கேட்க ஆள் வேண்டும்.

நுவரெலியாவில் கேட்டார்கள். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளில் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். நாட்டின் மற்ற இடங்களில் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு சபை. ஒரு சபையின் பணத்தை எத்தனை பேருக்குப் பங்கு போடுவது? போராடி, இரண்டை ஆறாக்கினார்கள், 2018 தேர்தல் அதன்படிதான் நடந்தது. எல்லைக்கோடு போடுவதும் திட்டமிடல்தான் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் நமக்கு அந்தப் பலம் இல்லை. கேகாலையில், இரத்தினபுரியில் நாம் சிதறிக் கிடக்கிறோம். எந்த வட்டாரத்தை எடுத்தாலும் நாம் ஒரு ஓரம். மலையகம் என்று மேடையில் பேசுகிற பெரிய தலைவர்கள்கூட கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் தேர்தலுக்குத்தான் இறங்குகிறார்கள், கூரைத் தகரத்தோடு. தகரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மழை பெய்கிறதே. ஆனால் தகரத்தை வீட்டுரிமை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே நமக்குப் பக்கத்துக் கிராமம் வேண்டும். இதைச் சொன்னால் வயதானவர்கள் சிலருக்கு முகம் மாறும், 83ஐப் பார்த்தவர்கள். அவர்கள் பயத்தை நாம் லேசாக எடுக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். இந்தக் கிராமத்து மக்களுக்கு ஏன் காணி இல்லாமல் போனது? 1840இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக் கோப்பித் தோட்டத்துக்கு விற்றான். அன்று அவர்களிடம் காகிதம் கேட்டான், 1948இல் நம்மிடம் காகிதம் கேட்டார்கள். கிராமத்தான் காணியை இழந்த இடத்தில் நம்மைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள், அதனால் நம்மைத்தான் காணியைப் பிடித்தவன் என்று அவன் பார்த்தான். உருளவள்ளியில் நடந்தது அந்தச் சண்டைதான். அப்போதே இரண்டு பேருக்கும் இடம் உள்ள ஒரு திட்டம் போட்டிருக்கலாம், யாரும் போடவில்லை.

மாவனல்லையில் வாழும் நாம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2001 மே மாதம் இந்த நகரத்தில் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்தன. அந்தக் கடைகளில் சம்பளத்துக்கு இருந்தவர்களில் நமது பிள்ளைகளும் உண்டு, கடனுக்கு அரிசி வாங்கியவர்களும் நாம்தான். ஒரு சமூகத்தின் தெரு எரியும்போது மற்றவனுக்கு வேலை போகிறது. (உதுவன்கந்தையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறோம். அங்கே ஒளிந்திருந்த சரதியலை 1864இல் தூக்கிலிட்டபோது கூடவே தூக்கிலேறியவர் மம்மாலி மரிக்கார். சிங்களவரும் முஸ்லிமும் சேர்ந்து நின்ற ஊர் இது. மூன்றாவது ஆளாக நமக்கும் இங்கே இடம் உண்டு.)

இனிக் காரியத்துக்கு வருவோம். தோட்டத்து ரோட்டில் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கிறார்கள், அவர்கள் முச்சக்கர வண்டியும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது. அப்படிப்பட்ட ரோட்டை முதலில் எடுப்போம். கோரிக்கைக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டு பக்கத்து ஆட்களும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்து வழியாக அல்ல, நேரே சபைக்குக் கொடுப்போம். சபையின் வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும், எனவே டிசம்பரில் ஓடிப் பயனில்லை. புரட்டாசி மாதத்துக்குள் கடிதம் உள்ளே இருக்க வேண்டும்.

எந்த ரோடு, எந்த விளக்கு முதலில் என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். இருட்டில் கக்கூசுக்குப் போகிறவர்களும், பீலியில் தண்ணீருக்கு நிற்கிறவர்களும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பிராவுக்கு இறங்குகிறவர்களும் பெண்கள்தான். வரைபடம் அவர்களுக்குத்தான் தெரியும். மாதர் சங்கம் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு மட்டைத் தாளில் லயம், பாதை, பீலி, மண் வெடிப்பு, விளக்கில்லாத இடம் எல்லாவற்றையும் கீறித் தரட்டும்.

காணி விஷயம் தனியாகப் பேச வேண்டியது. 7 பேர்ச் தருகிறார்கள், 10 பேர்ச் தருவதாகச் சொல்கிறார்கள். எத்தனை பேர்ச் என்பதை விட நாம் முதலில் கேட்க வேண்டியது: அந்த இடத்தை யார் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்னது? ரோடு, தண்ணீர், வீட்டு இலக்கம் திட்டத்தில் உண்டா? உறுதி முழு உறுதியா, யார் பெயரில்? உழைக்கிற பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரஜை யாரும் கேட்கலாம். பிரஜை என்ற அந்த வார்த்தைக்கு நாம் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பதில் தருவோம், தரமாட்டோம் என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் பதிலில்லை என்றால் ஆணைக்குழு. மூன்றே கேள்விகள் போட்டிருக்கிறோம். 2018க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தோட்டங்களுக்குள் சபை செலவு செய்த தொகை எவ்வளவு? சபையின் ரோட்டுப் பட்டியலில் உள்ள தோட்டத்து ரோடுகள் எவை? மண்சரிவு ஆபத்து உள்ளதாக அறிவித்த லயங்கள் எவை, அவற்றுக்கு மாற்று இடம் எது?

படிவங்கள் கதவடி மேசையில் இருக்கின்றன. அடையாள அட்டை கொண்டு வந்தவர்கள் இன்றைக்கே நிரப்பலாம், எழுதிக் கொடுக்க டீச்சர்மார் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டு வராதவர்கள் பெயரைத் தோட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேல் கணக்கு ஆட்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் கடைசி பஸ் சீக்கிரம் போகும்.